விவரக் கையேடுகளின் வரலாறும் நம் சமுதாயமும்

ஒரு சமுதாயம் கல்வியில் முன்னேறப் பள்ளி வேண்டும், ஆசிரியர் வேண்டும், புத்தகம் வேண்டும் என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். ஆனால் பள்ளிக்கு நிதி தருவோர் யார், மாணவனுக்கு உதவித்தொகை வழங்கும் நிலையம் எது, அதன் விலாசம் யாது, விண்ணப்பம் எம்மாதத்தில் அனுப்பப்பட வேண்டும் என்னும் செய்திகளும் கல்வியின் ஓர் அங்கமே என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. நம் சங்கத்தின் 25 ஆண்டு நிறைவைக் குறிக்கும் இம்மலரில் நாம் எழுதப் புகுவது, அத்தகைய செய்திகளைத் தொகுத்துத் தரும் நூல்களின் வரலாறு ஆகும். டைரக்டரி என்று ஆங்கில வழக்கில் கூறப்படும் இந்நூல்களை விலாசப் புத்தகம் என்றும், விவரக் கையேடு என்றும் நம்மவர் அழைப்பர். நூலகத்தில் இரவல் தரப்படாத அலமாரியில் தடித்த அட்டையுடன் தூசி படிந்து நிற்கும் இவற்றுக்கும் ஒரு வரலாறா என்று இளைஞர்கள் நகைக்கக்கூடும். உண்டு, அவ்வரலாற்றோடு நமக்கு உறவும் உண்டு.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குவோம். 1907ஆம் ஆண்டு அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றபோது, அவரைப் பாராட்ட நடந்த கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருமகன் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாக அளித்தார். பின்னர் கல்லூரிச் செலவுக்கு அண்ணலின் தந்தையார் வழியறியாது திகைத்த வேளையில், அதே கேளுஸ்கர்தாம் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் கவனத்துக்கு அம்மாணவரைக் கொண்டு சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1913இல் அதே மன்னரின் நிதியைக் கொண்டே அண்ணல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சேர்ந்தார்.

இதனை நாம் பெரும்பாலும் ஒரு வள்ளலின் கொடைக் கதையாகவே மேடைகளில் கூறி வருகிறோம். கேளுஸ்கர் அண்ணலைப் போற்றியதோடு நில்லாமல், நிதி எங்கே இருக்கிறது என்பதையும் அறிந்திருந்தார். அதனை அணுகும் வழியையும் அறிந்திருந்தார். அவ்வறிவே அங்கே வேலை செய்தது. உயர்ந்த நிலையில் உள்ள குடும்பங்களில் இவ்வறிவு சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே பிள்ளைகளின் காதில் விழுந்துவிடுகிறது. மாமன் செயலகத்தில் இருப்பார். சிற்றப்பன் வங்கியில் இருப்பார். அண்டை வீட்டார் பல்கலைக்கழகத்தில் இருப்பார். நம் தெருவில் அத்தகையோர் அரியர். அவர்களுக்கு உறவினர் வாயிலாகக் கிடைப்பது நமக்கு அச்சிட்ட தாள் வாயிலாகவே கிடைத்தாக வேண்டும். எல்லா மாணவர்க்கும் ஒரு கேளுஸ்கர் வாய்க்கமாட்டார் என்னும் காரணத்தாலேயே கையேடு வேண்டப்படுகிறது.

இவ்வெண்ணம் மிகப் பழையது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் மோன்தேன் 1580இல் வெளியிட்ட கட்டுரைகளுள் ஒன்றில், தம் தந்தையார் கொண்டிருந்த ஒரு விருப்பத்தைக் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு நகரிலும் ஓர் இடம் இருத்தல் வேண்டும். ஏதேனும் தேவைப்படுவோர் அங்கே சென்று ஓர் அலுவலரிடம் தம் தேவையைப் பதிந்துகொள்ளல் வேண்டும். வேலைக்காரனைத் தேடும் எசமானனும் எசமானனைத் தேடும் வேலைக்காரனும் அங்கே சந்திக்க வேண்டும் என்பது அவ்விருப்பம். அக்கட்டுரையில் அவர் கூறும் மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தொடுகிறது. ஜிரால்தி, கஸ்தேலியோ என்னும் இரு பேரறிஞர்கள் உணவுக்கும் வழியின்றி வறுமையில் மாண்டனர். அவர்களது நிலையை அறிந்திருந்தால் அழைத்து ஆதரித்திருக்கக்கூடியோர் ஆயிரம் பேர் இருந்தனர் என்று அவர் வருந்துகிறார். பணமும் இருந்தது, மனமும் இருந்தது; ஒருவரை ஒருவர் அறியும் வழிதான் இல்லை.

அவ்வழியை முதலில் சமைத்தவர் தெயோஃப்ராஸ்த் ரெனோதோ என்னும் மருத்துவர். 1618இல் ஏழைகளுக்கான பொது ஆணையராகப் பட்டம் பெற்ற அவர், 1630ஐ ஒட்டிப் பாரிசு நகரில் ஒரு விலாச நிலையம் திறந்தார். வேலை, வீடு, கடன், விற்பனைப் பொருள் ஆகிய எதனைப் பற்றியும் அங்கே பதியலாம், கேட்கலாம். வசதியுள்ளோர்க்குச் சிறு கட்டணம், ஏழைகளுக்கு ஒன்றுமில்லை. பிரெஞ்சு நாட்டின் முதல் வாரச் செய்தித்தாள்களுள் ஒன்றான கெசெத் என்பதனை 1631இல் தொடங்கியவரும் இவரே. ஏழைகளுக்கு இலவச மருத்துவ ஆலோசனையும் இவர் ஏற்பாடு செய்ததைப் பாரிசு மருத்துவக் கழகத்தார் பொறுக்கவில்லை. இவரை ஆதரித்து வந்த அமைச்சர் ரிஷ்லியூ 1642இல் மறைந்தபின், 1644இல் நீதிமன்றத் தீர்ப்பால் அவரது மருத்துவப் பணி முடக்கப்பட்டது. இங்கே மற்றொன்றும் குறிக்கத்தக்கது. 1639இல் பிறந்த ஓர் ஆணைப்படி, வேலையின்றி நகருக்கு வருவோர் அந்நிலையத்தில் தம்மைப் பதிந்துகொள்ளல் கட்டாயமாயிற்று. ஏழைக்கு வழிகாட்டப் பிறந்த பதிவேடு, ஏழையைக் கண்காணிக்கும் பதிவேடாகவும் மாறியது. பட்டியல் என்பது இருபுறமும் வெட்டும் கத்தி என்பதனைத் தொடக்கத்திலேயே காண்கிறோம்.

1650இல் இலண்டனில் ஹென்றி ராபின்சன் என்பார் இதே போன்ற ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அங்கும் ஏழைகளிடம் கட்டணம் கேட்கப்படவில்லை. ஆனால் 1677இல் இலண்டன் நகரின் முதல் அச்சிட்ட டைரக்டரி வெளிவந்தபோது, அதில் இடம் பெற்றவர்கள் வணிகர்களே. அதன்பின் இரு நூற்றாண்டுக் காலம் டைரக்டரி என்றால் வணிகர் பெயரும் கனவான் பெயரும் அடங்கிய நூல் என்றே வழங்கலாயிற்று.

சென்னையிலும் அவ்வாறே. 19ஆம் நூற்றாண்டில் அசைலம் பிரஸ் அல்மனாக் என்னும் தடித்த ஆண்டு நூல் சென்னை மாகாணத்தின் பெயர் பெற்ற விவரக் கையேடாக விளங்கிற்று. அசைலம் என்பது அனாதைச் சிறுவர் காப்பகத்தைக் குறிக்கும். படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட காப்பகத்தின் அச்சகமே அப்பெயருக்கு மூலம். அனாதைகளின் பெயரால் வழங்கிய அந்நூலின் பக்கங்களை நிரப்பியவர்களோ அதிகாரிகள், வணிக நிறுவனத்தார், வீடு வாசல் உடையோர். ஆயினும் பழைய சென்னையை ஆராய்வோர்க்கு அது இன்றும் பயன்படும் மூல நூல் என்பதனை மறுப்பதற்கில்லை.

நம் மக்களுக்கென விலாசங்களை ஒன்றுசேர்த்த பணியைச் செய்தவை நம் மக்களே நடத்திய ஏடுகள். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் பறையன் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் அது தமிழன் என்றே வழங்கிற்று. அவ்விதழைத் தத்துவ விவாதத்துக்காகவே பலர் இன்று படிக்கின்றனர். நாம் அதனை வேறொரு கண்ணாலும் காண விரும்புகிறோம். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும், கடல் கடந்து இரங்கூனிலும் இயங்கிய சாக்கிய பௌத்த சங்கக் கிளைகளின் செய்திகள் அதில் வெளிவந்தன. ஓர் ஊரில் உள்ள தொழிலாளி, மற்றோர் ஊரில் தன்னைப் போன்றோர் சங்கம் வைத்திருக்கின்றனர், பள்ளி நடத்துகின்றனர் என்பதனை அவ்வேட்டின் மூலமே அறிந்தான். டைரக்டரி என்ற பெயர் அதற்கு இல்லை. அப்பணியை அது வாரந்தோறும் ஆற்றிற்று.

பதிவேட்டைப் படிக்கத் தெரியாமையால் நாம் இழந்தது எவ்வளவு என்பதற்குப் பஞ்சமி நிலத்தைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலைமை குறித்து அளித்த அறிக்கையின் பயனாய், 1892இல் அரசு ஆணை பிறந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்படலாயிற்று. பிறர்க்கு அதனை விற்கலாகாது என்னும் நிபந்தனையும் விதிக்கப்பட்டது. எந்த நிலம் அவ்வகையைச் சேர்ந்தது என்பது கிராமக் கணக்குகளில் இருக்கிறது. ஆயினும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. கணக்கு ஒருவர் கையில் இருந்தது, நிலம் மற்றொருவர் பெயரில் இருந்தது, இவ்விரண்டையும் ஒப்புநோக்கிக் கேட்போர் இலர். பிற்காலத்தில் அக்கேள்வியை எழுப்பியபோது என்ன நேர்ந்தது என்பதனை 1994ஆம் ஆண்டு காரணை நிலப் போராட்டத்தையொட்டிச் செங்கற்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த இருவரின் வரலாறு கூறும். பழைய பதிவேட்டைப் புரட்டுவது எல்லாச் சமயத்திலும் அமைதியான நூலகப் பணி அன்று.

இனி இங்கிலாந்தின் அறநிலையங்களைப் பற்றிச் சில சொல்லுவோம். ஏழைகளின் கல்விக்கும் உணவுக்கும் என முன்னோர் எழுதி வைத்த சொத்துகள் அந்நாட்டிலும் தர்மகர்த்தாக்களால் விழுங்கப்பட்டன. அதனை ஆராய, புரூம் பிரபுவின் முயற்சியால் 1818இல் ஓர் ஆணைக்குழு ஏற்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஊர் ஊராக விசாரித்து அறிக்கைகளை வெளியிட்டது. 1853இல் நிலையான அறநிலைய ஆணையம் அமைந்தது. எனினும் எல்லா அறக்கட்டளைகளின் பெயரும் அடங்கிய, எவரும் சென்று பார்க்கத்தக்க பொதுப் பதிவேடு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. இதற்கிடையே தனியார் பலர் கையேடுகள் வெளியிட்டனர். சாம்ப்சன் லோ என்பார் 1850இல் இலண்டன் அறநிலையங்களைப் பற்றி ஒரு நூல் தொகுத்தார். 1869இல் தோன்றிய அறநிலைய ஒழுங்குமுறைச் சங்கம் 1882 முதல் ஒரு பெரிய பதிவேட்டை வெளியிட்டது. அவை யாருக்காக அச்சிடப்பட்டன என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. பெரும்பாலும் கொடுப்போர்க்காகவே; எந்த நிலையத்துக்கு நன்கொடை தரலாம், எந்த ஏழையை எங்கே அனுப்பலாம் என்று கனவான்கள் தெரிந்துகொள்வதற்காகவே. ஒரே ஏழை இரண்டிடத்தில் உதவி பெற்றுவிடுவானோ என்னும் அச்சம் அச்சங்கத்தாரைப் பெரிதும் வாட்டிற்று. இரண்டிடத்திலும் உதவி பெறாத ஏழையைப் பற்றிய அச்சம் அந்த அளவுக்கு அவர்களை வாட்டியதாகத் தெரியவில்லை.

நமக்கு மிக நெருங்கிய பாடம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் உள்ளது. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

அடிமைத்தளை நீங்கியபின் அம்மக்களின் கல்விக்கென அந்நாட்டுச் செல்வர்கள் பல நிதிகளை ஏற்படுத்தினர். 1867இல் பீபாடி நிதி, 1882இல் ஸ்லேட்டர் நிதி, 1907இல் ஜீன்ஸ் நிதி, 1911இல் ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் நிதி, 1917இல் ரோசன்வால்டு நிதி எனப் பட்டியல் நீளும். இவற்றை நடத்தியவர்கள் வெள்ளையர்; நிதியை நாடியவர்கள் கறுப்பின மக்களின் சிறு பள்ளிகள். யார் தகுதியுடையவர் என்பதனை அறிய ஒரு விவரத் தொகுப்பு வேண்டியிருந்தது. வேல்ஸ் நாட்டில் பிறந்த தாமஸ் ஜெஸ்ஸி ஜோன்ஸ் என்னும் வெள்ளையரின் பொறுப்பில், ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் நிதியின் துணையோடு, அரசின் கல்வித் துறை 1917இல் இரண்டு பெருந்தொகுதிகளை வெளியிட்டது. கறுப்பின மக்களின் தனியார் பள்ளி, கல்லூரிகள் ஒவ்வொன்றையும் பற்றிய விவரமும் மதிப்பீடும் மாநில வாரியாக அதில் அடங்கின. இது தொழிற்பள்ளி போதும், இதற்குக் கல்லூரி என்னும் பெயர் தகாது என்றெல்லாம் அது தீர்ப்புரைத்தது. கல்லூரி என்னும் பெயருக்குரிய வசதியும் மாணவரும் உடையவை ஹோவர்டு, ஃபிஸ்க் போன்ற மிகச் சிலவே என்பது அதன் முடிவு.

அறிஞர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் 1918ஆம் ஆண்டு தம் கிரைசிஸ் இதழில் இதனைக் கடுமையாக ஆய்ந்தார். செய்திகளைத் திரட்டிய உழைப்பை அவர் மறுக்கவில்லை. பயன் உண்டென்றே ஒப்பினார். ஆனால் உயர்கல்வியைத் தாழ்த்தித் தொழிற்பயிற்சியை உயர்த்தும் அதன் போக்கையும், கறுப்பின மக்களின் கல்வி பற்றிய முடிவுகள் அம்மக்களைக் கலவாமலே வெள்ளை அறங்காவலர் கையில் ஒருமுகப்படுவதையும் அவர் எதிர்த்தார். ஒரு கையேட்டில் இரண்டு வரி நன்றாக எழுதப்பட்டால் பள்ளி வாழும். இரண்டு வரி தாழ்வாக எழுதப்பட்டால் பள்ளிக்கு வரும் பணம் வற்றும். விவரம் திரட்டுவோன் விதி எழுதுவோனாகவும் ஆகிவிடுகிறான்.

அதற்கு மறுமொழியாக அமைந்தவை அம்மக்களே தொகுத்த நூல்கள் என்பது நம் கருத்து. டூபாய்ஸ் அட்லாண்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1898இலும் மீண்டும் 1909இலும், தம் மக்கள் தாமே நடத்திய சங்கங்கள், அனாதை இல்லங்கள், முதியோர் இல்லங்கள் முதலியவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். இம்மக்கள் தமக்கெனத் தாம் ஒன்றும் செய்துகொள்ளவில்லை என்னும் பழிச்சொல்லுக்கு அப்பட்டியலே விடையாயிற்று.

அவரினும் குறைவாக அறியப்பட்டவர் மன்றோ வொர்க். 1866இல் அடிமைகளாய் இருந்த பெற்றோர்க்குப் பிறந்தவர். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றவர். 1908இல் டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஆவணப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நாடெங்கும் வெளிவரும் செய்தித்தாள்களிலிருந்து தம் மக்களைப் பற்றிய செய்திகளை வெட்டியெடுத்து வகைப்படுத்திச் சேர்க்கும் பணி அங்கே நடைபெற்றது. அதன் பயனாய் 1912இல் நீக்ரோ இயர் புக் என்னும் ஆண்டு நூல் பிறந்தது. அம்மக்களின் பள்ளிகள், திருச்சபைகள், வங்கிகள், செய்தித்தாள்கள், சங்கங்கள், கல்விக்கு உதவும் நிதிகள் ஆகிய எல்லாம் ஒரே நூலில் அடங்கின. 1928இல் அவர் வெளியிட்ட நூற்பட்டியலில் 17,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. கும்பலால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் கணக்கைத் திரட்டி, நாட்டுச் செய்தித்தாள்களுக்கு அனுப்பி வந்தவரும் அவரே. அவர் உரத்துப் பேசும் இயல்பினர் அல்லர். மறுக்கவியலாத எண்ணைக் கண்டெடுத்துத் தருவதே அவரது தொண்டாயிற்று. 1938இல் ஓய்வு பெற்று 1945இல் மறைந்தார்.

நிதியைப் பற்றிய ஓர் உண்மையையும் இங்கே கூறியாக வேண்டும். ரோசன்வால்டு என்னும் வணிகச் செல்வரின் உதவியால் 1912 முதல் 1932 வரை தென்மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்கான மொத்தச் செலவில் ரோசன்வால்டின் பங்கு ஏறத்தாழ 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தாமே திரட்டிய பங்கு ஏறத்தாழ 47 லட்சம் டாலர். எஞ்சியதில் பெரும்பகுதி அரசின் வரிப்பணம். கட்டடத்துக்கு வள்ளலின் பெயர் வழங்கிற்று. பருத்திக் காட்டில் உழைத்த கூலியாட்களின் காசு அவ்வள்ளலின் காசினும் மிகுதி. அந்நிதியை நாடுவோர் தம் பங்கையும் காட்டவேண்டும் என்பது விதி. இன்றும் பெரும்பாலான நிதி நிலையங்கள் முதலில் கேட்கும் வினா, நீங்கள் எவ்வளவு திரட்டியுள்ளீர்கள் என்பதே.

கையேடு கல்விக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் கறுப்பினத் தபால்காரர், வழிப்பயணத்தில் தம் மக்களுக்கு உணவும் படுக்கையும் மறுக்காத இடங்களின் விலாசங்களைத் திரட்டி 1936இல் கிரீன் புக் என்னும் கையேட்டை வெளியிட்டார். அது 1960களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. விலாசம் தேடி வீடு வீடாக நடந்தவர் விலாச நூலின் ஆசிரியரானது பொருத்தமே. நம் நாட்டில் இரட்டைக் குவளை நடைமுறை இருந்த காலத்தில் அத்தகைய ஒரு நூல் தமிழில் எழுதப்பட்டிருப்பின் அது எத்தனை பக்கம் வந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அண்ணல் அம்பேத்கர் 1946இல் டூபாய்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு விண்ணப்பம் அளித்துள்ளனர் என்பதனை அறிந்து, அதன் படிகள் சிலவற்றைக் கேட்டார். டூபாய்சும் மறுமொழி எழுதினார். பெரிய உறவுகள் பலவும் இவ்வாறு சரியான விலாசத்துக்கு எழுதப்பட்ட ஒரு சிறு கடிதத்தில் தொடங்குகின்றன.

நிதி நிலையங்களைப் பற்றிய இக்காலக் கையேடுகளின் கதையும் கேட்கத்தக்கது. அமெரிக்கப் பெருஞ்செல்வரின் அறக்கட்டளைகள் நெடுங்காலம் தம் கணக்கை வெளியிடாமலே இயங்கின. 1952இலும் 1954இலும் அந்நாட்டுச் சட்டமன்றக் குழுக்கள் அவற்றை விசாரித்தன. மறைவே ஐயத்துக்குக் காரணம் என உணர்ந்தோர், எமர்சன் ஆண்ட்ரூஸ் என்பாரின் தலைமையில் 1956இல் நியூயார்க்கில் அறக்கட்டளை நூலக மையத்தைத் தொடங்கினர். 1960இல் அறக்கட்டளைக் கையேட்டின் முதற்பதிப்பு வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் அதில் இடம் பெற்றன. 1969ஆம் ஆண்டு வரிச் சட்டம் அவற்றின் ஆண்டுக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்க வழி செய்தபின், எந்த அறக்கட்டளை எந்த ஆண்டில் யாருக்கு எவ்வளவு தந்தது என்பதனைக் கையேட்டில் காண இயன்றது. அம்மையம் 2019இல் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து கேண்டிட் என்னும் பெயர் பெற்றுள்ளது. இங்கிலாந்தில் நிதி வழங்கும் அறக்கட்டளைகளின் கையேடு 1968இல் வெளிவந்தது. மாணவர்க்கென யுனெஸ்கோ 1948 முதல் வெளிநாட்டுக் கல்விக் கையேட்டை வெளியிட்டது. ஆராய்ச்சி உதவிகளுக்கான கிராண்ட்ஸ் ரெஜிஸ்டர் 1969இல் தொடங்கியது.

நம் நாட்டில் இந்நிலை வேறு. இங்கே நம் மாணவர்க்குப் பெரிய நிதி அரசின் நிதியே. 1942 அக்டோபரில் வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினராய் இருந்த அண்ணல், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைசிராய்க்கு அளித்த அறிக்கையில் உயர்கல்விக்கான உதவித்தொகையையும் வற்புறுத்தினார். 1944இல் மெட்ரிக் படிப்புக்குப் பிந்திய உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. 1954-55 முதல் வெளிநாட்டு உயர்கல்விக்கான உதவித்தொகையும் வழங்கப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டில் 1974இல் தாட்கோ நிறுவனம் தோன்றியது. தொண்டு நிறுவனங்களுக்கு இன்று நிதி ஆயோக்கின் தர்ப்பண் என்னும் பதிவு உள்ளது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட விதிக்கிறது. அச்செலவின் விவரத்தை அவை ஆண்டறிக்கையில் காட்டியாக வேண்டும். ஆகவே ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் இன்று ஒரு நிதிக் கையேடே.

இளைஞர்கள் இத்தகைய நூல்களையும் கணினிப் பட்டியல்களையும் எவ்வாறு படிக்க வேண்டும் என்பது பற்றியும் சில கூற விரும்புகிறோம். பெயரைக் கண்டவுடன் விண்ணப்பம் எழுதத் தொடங்குதல் தகாது. முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு ஆண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபின், அயல்நாட்டு நிதி பெற்ற ஒரு நிறுவனம் அதனை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்க இயலாது. அதற்கு முன் பெரிய நிறுவனங்களிடமிருந்து சிறு பங்கு பெற்று மாலைப் பள்ளி நடத்திய ஊர்ச் சங்கங்களுக்கு அவ்வழி அடைபட்டது. 2019ஆம் ஆண்டுக் கையேட்டை வைத்துக்கொண்டு அக்கதவைத் தட்டுவோர் தபால் செலவையே இழப்பர். அயல்நாட்டு நிதியைத் தாமே நேராகப் பெறப் பதிவு வேண்டுவோர், 3 ஆண்டுகள் இயங்கி 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்பது விதி. சிறு சங்கங்களுக்கு இது எட்டாக் கனி என்பதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

அடுத்தது நிபந்தனை. வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையின் விதிகள் 2022இல் மாற்றப்பட்டபோது, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு முதலிய பொருள்கள் விலக்கப்பட்டன. நம் சமுதாய வரலாற்றையே அயல்நாட்டில் ஆராய எண்ணிய மாணவன், பழைய விவரத்தை நம்பி ஓராண்டை இழக்கக்கூடும். இம்மாற்றம் நியாயமானதன்று என்பது நம் எண்ணம்; ஆயினும் எதிர்ப்பவனும் முதலில் விதியைப் படித்திருக்க வேண்டும். மூன்றாவதாக, அந்நிலையம் கடந்த ஆண்டுகளில் யாருக்கு நிதி தந்தது என்பதனைக் காண வேண்டும். நோக்கம் என்னும் தலைப்பில் எல்லா நிலையங்களும் அழகாகவே எழுதும். கொடுத்த பட்டியல்தான் உள்ளத்தைக் காட்டும். பட்டியலில் பெருநகரப் பெயர்களே நிறைந்திருப்பின், கிராமச் சங்கம் தன் நேரத்தை வேறிடத்தில் செலவிடலாம்.

நூலைக் காட்டிலும் தரகனை நம்பும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் விண்ணப்பத்துக்கு நூறும் ஐந்நூறும் கொடுத்து, கடைசித் தேதி கடந்தபின் வெறுங்கையுடன் திரும்பிய பெற்றோர் பலரை நாம் அறிவோம். தரகன் விற்பது நிதியை அன்று, விலாசத்தையே விற்கிறான். விலாசம் சங்கத்தின் மேசையில் இலவசமாகக் கிடைக்குமாயின் அவனுக்கு வாணிகம் இல்லை.

ஆதலின் நம் உறுப்பினர்கள் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். அச்சிட்ட நூல் வேண்டியதில்லை. நூல் கட்டிய ஒரு பெரிய கணக்கு நோட்டுப் போதும், கணினி உள்ளோர் அதிலும் ஒரு படி வைக்கலாம். பக்கத்துக்கு ஒரு நிலையம்: பெயர், விலாசம், எவ்வகுப்பினர்க்கு உதவி, வருமான வரம்பு, வேண்டிய சான்றுகள், விண்ணப்ப மாதம். அவற்றுக்குக் கீழே, நம் ஊரிலிருந்து யார் எந்த ஆண்டில் விண்ணப்பித்தார், கிடைத்ததா, மறுக்கப்பட்டிருப்பின் என்ன காரணம் கூறினர் என்னும் குறிப்பு. எந்த அச்சுக் கையேட்டிலும் இல்லாத இக்கடைசிக் குறிப்பே பின்வரும் மாணவனுக்கு மிகுந்த பயன் தரும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும், விவரத்தைச் சரிபார்த்த நாளும் சரிபார்த்தவர் கையொப்பமும் இடப்பட வேண்டும். ஓராண்டு கடந்த பக்கத்தை அவ்வாண்டுத் தேர்வு எழுதிய மாணவர்கள் இருவரிடம் ஒப்படைத்து, கடிதம் எழுதியோ நேரில் கேட்டோ புதுப்பிக்கச் செய்யலாம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பெறத் தாலுக்கா அலுவலகத்தில் ஆகும் நாட்களை அதிலேயே குறித்து வைப்பின், ஜூன் மாதத்தில் வேண்டியவற்றுக்கு ஏப்ரலிலேயே புறப்பட இயலும்.